பசியின் விலை – 7: மணங்கு 37 ரூபாய்

1942 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் கல்கத்தா மொத்தச் சந்தையில் ஒரு மணங்கு அரிசி 13, 14 ரூபாய்க்குக் கிடைத்தது. 1943 மார்ச் 12-ஆம் தேதி அதே அரிசி 21 ரூபாய். மே 21-ஆம் தேதி 30 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி 37 ரூபாய். இது தலைநகரத்து விலை, அதுவும் மொத்த விலை. கிழக்குக் கோடியில் இருந்த சிட்டகாங்கில் மணங்கு 80 ரூபாய் வரை போனது.

மணங்கு என்றதும் நம்மூர் மணங்கை நினைத்துவிட வேண்டாம். சென்னை மணங்கு 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம். வங்காளத்து மணங்கு 40 சேர். இன்றைய கணக்கில் 37 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே மணங்கு 37 ரூபாய் என்றால் கிலோ ஏறக்குறைய ஒரு ரூபாய். இன்று கேட்டால் சல்லிசாகத் தோன்றும். அன்று வங்காளக் கிராமத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வயலில் குனிந்து நிமிர்ந்தவருக்கு ஒரு முழு ரூபாய் கூலி கிடைப்பதே அரிது. போர் தொடங்கிய சமயத்தோடு ஒப்பிட்டால் 1943-இல் தானிய விலை ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகியிருந்தது. வயல் கூலியோ கால் பங்குதான் ஏறியிருந்தது. முன்பு மூன்று வேளை சாப்பிட்ட கூலிக்கு இப்போது ஒரு வேளைதான். அதையும் வீட்டில் இருக்கும் ஐந்தாறு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

சென்ற இதழோடு தாது வருஷப் பஞ்சத்தை முடித்துக்கொண்டோம். சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் அடுக்கடுக்காகக் கிடந்தபோதே உள்மாவட்டங்களில் ஜனங்கள் சாலையோரம் விழுந்து செத்ததைப் பார்த்தோம். வியாபாரத்தில் அரசு கை வைக்கக் கூடாது, விலை ஏறினால் சரக்கு தானாக வந்து சேரும் என்று வைஸ்ராய் லிட்டன் பிடிவாதமாக இருந்ததையும் பார்த்தோம். அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து வங்காளத்தில் அந்த வாதம் மறுபடி ஒருமுறை சோதித்துப் பார்க்கப்பட்டது. சோதனைக்கு ஆளானவர்கள் 6 கோடிப் பேர்.

பஞ்சம் என்றால் விளைச்சல் பொய்த்து, அரிசியே இல்லாமல் போவது என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். வங்காளத்தில் அரிசி இருந்தது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பின்னாளில் போட்ட கணக்கின்படி 1943-இல் வங்காளத்தில் இருந்த அரிசி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு. 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம். 1941-இல் யாரும் பஞ்சத்தில் சாகவில்லை. 1942-இல் நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் கடுமையாகத் தாக்கியது, ஆகவே விளைச்சல் இந்தக் கணக்கைவிட நன்றாகவே குறைந்திருக்கும் என்று மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை ஒப்புக்கொண்டே பார்ப்போம். கொஞ்சம் குறைந்த விளைச்சல் கொஞ்சம் கூடுதல் விலையைக் கொண்டுவரலாம். எட்டு மாதத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஏற வேண்டுமானால் அதற்கு மனிதர்களின் கை வேண்டும். அந்தக் கைகள் யாருடையவை என்பதுதான் இந்த இதழின் விஷயம்.

முதல் கை ஜப்பானியருடையது. 1942 மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் விழுந்தது. வங்காளத்துக்குப் பர்மா அரிசி பெரிய தேவையில்லை. அதன் உணவில் சிறு பங்குதான் அங்கிருந்து வந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்தவர்கள் இலங்கையில், மலபாரில், கொச்சியில், திருவிதாங்கூரில் இருந்தார்கள். இலங்கைத் தோட்டத்து லயங்களில் இருந்த நம் ஜனங்களுக்கு அன்றாடச் சோறே அந்தக் கப்பல்களில்தான் வந்தது. ரங்கூன் கதவு சாத்தியதும் அத்தனை ஊர்க் கொள்முதல்காரர்களும் வங்காளத்து அரிசிக்குப் போட்டி போட்டார்கள். 1942-இன் முதல் பாதியில் வங்காளத்திலிருந்து அரிசி வெளியே போய்க்கொண்டிருந்தது. சந்தை சூடேறியது அங்கேதான்.

இரண்டாவது கை அரசாங்கத்தினுடையது. ஜப்பான்காரன் கரையேறினால் அவனுக்குச் சோறும் படகும் கிடைக்கக் கூடாது என்று மிட்னாபூர், பாகர்கஞ்ச், குல்னா போன்ற கடலோர மாவட்டங்களில் உபரி அரிசியை அப்புறப்படுத்த உத்தரவு வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறக்கூடிய படகுகளைப் பதிவு செய்தார்கள். பதிவான 66,500 படகுகளில் ஏறக்குறைய 46,000 படகுகளைப் பிடுங்கியோ உடைத்தோ ஒழித்தார்கள். அப்புறப்படுத்திய அரிசி, மாகாணத்தின் மொத்த அரிசியில் கொஞ்சம்தான். ஆனால் அரசாங்கமே பயந்துபோய் நெல்லை வாங்கிக்கொண்டு ஓடுகிறது என்ற சேதி ஆற்றோடு ஆறாக ஒவ்வொரு துறைக்கும் போய்ச் சேர்ந்தது. படகு போனதில் மீனவனுக்குப் பிழைப்பு போனது. பானை செய்தவனுக்குச் சந்தை போனது. ஆற்றின் நடுவே திட்டில் வயல் வைத்திருந்தவனுக்கு வயலுக்குப் போக வழி போனது. அக்டோபர் 16-ஆம் தேதி மிட்னாபூர்க் கரையில் புயல் அடித்தது. 14,500 பேரும் 1,90,000 மாடுகளும் செத்ததாகப் பின்னர் கணக்கெடுத்தார்கள். அறுவடைக்கு நின்ற குளிர்காலப் பயிரான ஆமன் நெல்லில் உப்புத் தண்ணீர் ஏறியது.

இனி வியாபாரத்துக்கு வருவோம். வங்காளத்தில் நெல் எப்படிக் கைமாறியது என்று தெரிந்தால்தான் விலை எப்படி ஏறியது என்பது புரியும்.

அறுவடை முடிந்ததும் பேபாரி என்கிற சிறு வியாபாரி நாட்டுப் படகில் ஊர் ஊராகப் போய்க் களத்திலேயே நெல் வாங்குவான். அவன் கையில் சொந்தப் பணம் அதிகம் இராது. ஆற்றங்கரைப் பட்டணத்தில் இருக்கும் ஆடத்தார் கொடுத்த முன்பணம்தான். ஆடத்தார் என்பவர் நம்மூர் மண்டிக்காரர் மாதிரி. கிட்டங்கி அவருடையது, தராசு அவருடையது, கமிஷன் அவருடையது. அவரிடமிருந்து நெல் ஆலைக்குப் போகும், அரிசியாகிக் கல்கத்தா மொத்த வியாபாரிக்குப் போகும், அங்கிருந்து சில்லறைக் கடைக்கு வரும். கிராமத்திலேயே ஜோத்தார் என்கிற பெரிய நிலக்காரர் இருப்பார். பங்குக்கு உழுபவர்களிடமிருந்து பாதி விளைச்சல் அவர் பத்தாயத்துக்கு வரும். பின்பு அதே ஆட்களுக்குத் தை தாண்டியதும் அந்த நெல்லையே வட்டிக்குக் கடன் கொடுப்பார்.

அமைதியான வருஷத்தில் இந்தச் சங்கிலியில் யாரும் சரக்கை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். வைத்தால் பணம் முடங்கும், எலி தின்னும், அடுத்த அறுவடை வந்தால் விலை இறங்கும். 1942 கடைசியில் இந்தக் கணக்கு தலைகீழானது. டிசம்பரில் 14 ரூபாய்க்கு விற்ற ஆடத்தார் மார்ச்சில் 21 ரூபாயைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். மார்ச்சில் விற்றவர் மே மாதம் 30 ரூபாயைப் பார்த்தார். விற்காமல் பூட்டி வைத்திருந்த பக்கத்துக் கிட்டங்கிக்காரர் ஒரு விரலும் அசைக்காமல் மணங்குக்கு 16 ரூபாய் சம்பாதித்திருந்தார். இதைப் பார்த்த பிறகு யார் விற்பார்? ஆலைக்காரர் வைத்தார், பேபாரி வைத்தார், ஜோத்தார் பத்தாயத்தைத் திறக்கவே இல்லை. கடனுக்கு நெல் கேட்டு வந்த பங்கு உழவனிடம் இல்லை என்றார்கள். விற்காமல் வைத்திருப்பதே வியாபாரம் என்று ஆகிவிட்டது.

பதுக்கல் என்ற சொல்லை நாம் எல்லார் மேலும் ஒன்றுபோல் வீசிவிடுகிறோம். வீட்டில் நான்கு குழந்தைகளை வைத்துக்கொண்டு, அடுத்த அறுவடைவரை பத்தாயத்தில் நெல் இருக்கட்டும் என்று பயந்த சின்ன விவசாயியைப் பதுக்கல்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வைத்திருந்தது உயிர் பிழைக்க. கிட்டங்கி நிறைய மூட்டையை அடுக்கிவிட்டு, தெருவில் செத்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி நடந்து போய், இன்றைய விலை என்ன என்று விசாரித்து வந்தானே, அவன் செய்தது வேறு. சட்டமும் தீர்ப்பும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1943 ஜூன் மாதம் வங்காள அரசு பதுக்கலைக் கண்டுபிடிக்க மாவட்டம் மாவட்டமாக, வீடு வீடாகச் சோதனை போட்டது. அந்தச் சோதனையிலிருந்து கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் விலக்கு. பெரிய கிட்டங்கிகள் இருந்த இரண்டு ஊர்களையும் விட்டுவிட்டுக் கிராமத்துப் பானைகளைத் தட்டிப் பார்த்தார்கள்.

அரசு இந்த விலையோடு எப்படியெல்லாம் மல்லுக்கட்டியது, எப்படித் தோற்றது என்பது தனியே சொல்ல வேண்டிய கதை.

1942 ஜூலையில் அரிசிக்கு உச்சவிலை நிர்ணயித்தார்கள். விலையைத் தாளில் எழுதி ஒட்டியவர்கள் கையில் ஒரு மூட்டை அரிசிகூட இருப்பு இல்லை. இது வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். உத்தரவு வந்த சில நாளில் அரிசி கடையிலிருந்து காணாமல் போய்ப் பின்வாசல் வழியாக விற்பனையானது. அரசு பின்வாங்கியது. டிசம்பர் 20-ஆம் தேதி கல்கத்தாமேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். நகரத்துக்குச் சோறு இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து, மாதக் கடைசியில் அரசு மொத்த வியாபாரிகளின் இருப்பைக் கைப்பற்றியது. உடனே வெளியூர் வியாபாரிகள் கல்கத்தாவுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள்.

1943 மார்ச் 11-ஆம் தேதி விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். என்ன விலையானாலும் வாங்கிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவாருங்கள் என்று அரசின் கொள்முதல் முகவர்களுக்கு அனுமதி கிடைத்தது. மேலே சொன்ன 21 ரூபாய் விலை மறுநாளைய விலை.

இதில்தான் பஞ்சத்தின் உயிர்நாடி இருக்கிறது. கல்கத்தாவில் யார் அரிசி வாங்கினார்கள்? ராணுவம் வாங்கியது. ரயில்வே, துறைமுகம், ஆயுதத் தொழிற்சாலைகள், சணல் ஆலைகள் தங்கள் ஆட்களுக்காக வாங்கின. வங்காள வர்த்தகச் சங்கம் 1942 ஆகஸ்டிலேயே ஒரு திட்டம் போட்டு, தன் உறுப்பினர் நிறுவனங்களின் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் அரிசி கொடுத்துவந்தது. போர் வேலை நிற்கக் கூடாது என்பதால் அரசும் அதற்குத் துணை நின்றது. நிறுவனம் 30 ரூபாய்க்கு வாங்கித் தொழிலாளிக்குப் பாதிக்கும் குறைந்த விலையில் கொடுத்தாலும் அதற்கு நஷ்டமில்லை. போர்க் காலத்து லாபத்திலும் வரியிலும் அந்தச் செலவு கரைந்துவிடும். இந்த வாங்குபவர்கள் எவருக்கும் விலை ஒரு பொருட்டில்லை. இவர்களோடு ஒரே சந்தையில் ஏலம் கேட்டு நின்றவன் படகைப் பறிகொடுத்த பாகர்கஞ்ச் மீனவன்.

தொழிலாளிக்குச் சோறு போட்டதைக் குறை சொல்ல முடியாது. அவனும் ஏழைதான். ஒரு பகுதியினரை மட்டும் விலையிலிருந்து காப்பாற்றிவிட்டு, அதற்கான அரிசியை எந்த விலைக்கும் வாங்கலாம் என்று மற்றவர்கள் இருந்த சந்தையிலேயே இறங்கியதுதான் கொலைக்குச் சமமான காரியம். ஊரில் அரிசியை வைத்திருந்தவன் விலையை ஏற்றிக்கொண்டே போக இது ஓர் உத்தரவாதச் சீட்டு.

விலை ஏறினால் சரக்கு வரும் என்ற லிட்டன் காலத்து நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்தார்கள். மற்ற மாகாணங்கள் தங்கள் தானியம் வெளியே போகாமல் ஏற்கெனவே வேலி போட்டிருந்தன. எனவே 1943 மே 18-ஆம் தேதி வங்காளம், அஸ்ஸாம், பீகார், ஒரிஸ்ஸா இவற்றுக்கிடையே தடையில்லா வாணிகம் என்று இந்திய அரசு அறிவித்தது. வங்காளத்து முகவர்கள் பணப்பையோடு பீகாருக்குள்ளும் ஒரிஸ்ஸாவுக்குள்ளும் பாய்ந்தார்கள். அங்கே விலை துள்ளி ஏறியது; அந்த மாகாண அரசுகள் கூக்குரலிட்டன. வங்காளத்தில் விலை கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி ஏறத் தொடங்கியது. ஜூலையோடு அந்தத் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். கடல் வழியோ அடைபட்டுக் கிடந்தது. கப்பல் கேட்டு டெல்லியிலிருந்து லண்டனுக்குப் போன வேண்டுகோள்களுக்கு சர்ச்சிலின் அமைச்சரவை கேட்டதில் ஒரு சிறு பகுதியைத்தான் கொடுத்தது. வெளியிலிருந்து சரக்கு வர வழியே இல்லாத இடத்தில் விலை ஏறி என்ன பயன்? கிராமத்திலிருந்த அரிசி கல்கத்தாவுக்கு நகர்ந்தது. அது ஒன்றுதான் நடந்தது.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியில் ஃபஸ்லுல் ஹக் மந்திரிசபை போய் ஏப்ரலில் நசிமுத்தீன் மந்திரிசபை வந்தது. உணவு வழங்கலைச் சுஹ்ரவர்தி பார்த்தார். அரிசிக்குப் பற்றாக்குறையே இல்லை, பதுக்கல்தான் காரணம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அரசின் கொள்முதலுக்கு இஸ்பஹானி நிறுவனம் முகவராக நியமிக்கப்பட்டது சட்டமன்றத்தில் பெரிய சண்டையானது, மதச்சாயமும் ஏறியது. ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஊரில் நாய்களும் கழுகுகளும் பெருத்துக்கொண்டிருந்தன.

செத்தவர்கள் யார்? நெல் விளைவித்து அதையே உண்பவர்கள் ஓரளவு தப்பினார்கள். கூலிக்கு வயலில் இறங்கியவர்கள், மீனவர்கள், படகோட்டிகள், குயவர்கள், நெசவாளர்கள், முடிதிருத்துபவர்கள் செத்தார்கள். அரிசியை விலைக்கு வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள் இவர்கள். முடிதிருத்துபவரின் கதையை அமர்த்தியா சென் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அரிசி விலை ஏறியதும் மக்கள் முதலில் தள்ளிப்போட்டது முடிவெட்டிக்கொள்வதைத்தான். வாடிக்கை குறைந்ததால் அவருடைய கூலியும் இறங்கியது. ஒரு பக்கம் அரிசி ஏறுகிறது, இன்னொரு பக்கம் அவர் கத்தரிக்கோலின் மதிப்பு விழுகிறது. மீனும் பாலும் விற்றவர்களுக்கும் இதே கதி. பசித்தவன் மீனை விட்டுவிட்டு அரிசிக்குத்தான் காசை எண்ணுவான்.

பாத்திரம் விற்றார்கள், கூரைத் தகரம் விற்றார்கள், நிலம் விற்றார்கள். விற்க எதுவும் மிஞ்சாதபோது நடந்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் கல்கத்தாவின் நடைபாதைகளுக்கு வரத் தொடங்கினார்கள்; அக்டோபரில் சுமார் ஒரு லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு யாரும் தரமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் நின்று, வடித்த கஞ்சியை ஊற்றுங்கள் என்று கேட்டார்கள். அதற்கும் ஒரு காலகட்டத்துக்குப் பிறகு குரல் எழவில்லை. சாந்திநிகேதனில் தாத்தா வீட்டில் இருந்த ஒன்பது வயது அமர்த்தியா, வாசலுக்கு வருபவர்களுக்கு அரிசி கொடுக்க அனுமதி கேட்டான். ஒரு குடும்பத்துக்கு ஒரு சிகரெட் டப்பா அளவு கொடுக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று தாத்தா சொன்னார். வருபவர்கள் எண்ணிக்கைக்கு வீட்டு அரிசி அந்த அளவுதான் தாங்கும். அவன் வீட்டாரிலோ உறவினரிலோ யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பதைச் சென் பின்னாளில் பலமுறை எழுதியிருக்கிறார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய பஞ்ச ஆராய்ச்சிக்கு விதை அந்த வாசற்படியில் விழுந்தது.

இத்தனைக்கும் அரசு பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் பஞ்ச விதித்தொகுப்பின்படி எல்லாருக்கும் வேலையும் உணவும் கொடுக்க வேண்டிய கடமை வந்துவிடும். தாது வருஷத்துச் சாவுகளுக்குப் பிறகு, இனி அப்படி நடக்கக் கூடாது என்று எழுதப்பட்ட விதிகள் அவை. அலமாரியிலேயே இருந்தன. செய்தித் தணிக்கை வேறு. ஆகஸ்ட் 22-ஆம் தேதி கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளேட்டில் அதன் ஆங்கிலேய ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் தெருவில் கிடந்தவர்களின் படங்களைப் போட்டார். படத்தைப் பார்த்த பிறகுதான் டெல்லியும் லண்டனும் இல்லை என்று சொல்ல முடியாமல் போனது. வைஸ்ராய் லின்லித்கோ பதவி முடியும்வரை வங்காளத்துப் பக்கம் வரவே இல்லை. அக்டோபரில் பதவியேற்ற வேவல் முதல் வாரத்திலேயே கல்கத்தாவுக்கு வந்தார், ராணுவ லாரிகளில் தானியத்தைக் கிராமங்களுக்கு அனுப்பினார். ராணுவத்திடம் லாரியும் ஆளும் முன்பே இருந்தன என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் அரசு மறுபடி உச்சவிலை விதித்தது; படிப்படியாக அதை இறக்கியது. மறுபடி அரிசி சந்தையிலிருந்து மறைந்தது. 1942 ஜூலையில் கற்றிருக்க வேண்டிய பாடம் இது: கையில் இருப்பும், அதை வீடுதோறும் பகிரும் ஏற்பாடும் இல்லாமல் வெறும் விலைப்பட்டியலைத் தொங்கவிட்டால் அது கள்ளச்சந்தைக்காரனுக்குத்தான் உதவும். கல்கத்தாவில் முறையான ரேஷன் வந்தது 1944 ஜனவரி 31-ஆம் தேதி.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் இங்கே சொல்லாமல் போவது நியாயமில்லை. தேவையில் பாதி அரிசிகூட அந்தச் சமஸ்தானங்களில் விளையாது. பர்மா விழுந்ததில் வங்காளத்தைவிடப் பெரிய அடி அவர்களுக்குத்தான். அங்கே உபரி நெல்லை அரசே எடுத்துக்கொண்டு, நகரம் கிராமம் என்று பாராமல் எல்லாக் குடும்பங்களுக்கும் ரேஷன் கொடுத்தார்கள். அன்று திருவிதாங்கூரில் இருந்த நாஞ்சில் நாட்டு நெல்லும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. கிடைத்த அளவு மிகச் சிறியது. மரவள்ளிக்கிழங்குதான் பலரின் வயிற்றை நிரப்பியது. சேர்த்தலைப் பக்கம் கயிறு திரித்துப் பிழைத்த ஏழைகளிடையே பட்டினியும் நோயும் உயிர்களைக் கொண்டுபோயின. ஆனாலும் அரிசி யாருக்கு என்பதைக் கிட்டங்கிக்காரனின் ஏலத்துக்கு விட்டுவிடவில்லை. வங்காளத்தின் அளவுக்குச் சாவு அங்கே நிகழவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த ரேஷன் அட்டைதான்.

1943 டிசம்பரில் வங்காளத்தில் ஆமன் அறுவடை அமோகமாக வந்தது. விலை இறங்கியது. சாவு நிற்கவில்லை. இற்றுப்போன உடம்புகளில் மலேரியாவும் காலராவும் அம்மையும் புகுந்து 1944 முழுவதும் வாரிக்கொண்டு போயின. விசாரித்த உட்ஹெட் கமிஷன் 15 லட்சம் பேர் இறந்ததாக 1945-இல் சொன்னது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் 21 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை கணக்கிடுகிறார்கள். சென்னுடைய கணக்கு 30 லட்சத்தை ஒட்டியது.

அந்தக் கமிஷன் அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த ஆண்டு அரிசி வாங்கி விற்றதில் வழக்கத்துக்கு மீறிக் கிடைத்த லாபம் 150 கோடி ரூபாய் என்று அது குறிப்பிடுகிறது. 150 கோடியை 15 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு சாவுக்கு ஆயிரம் ரூபாய் லாபம். நான் போட்ட வகுத்தல் இல்லை இது. கமிஷனே போட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறது. அரசு நியமித்த அதிகாரிகள் அளந்து அளந்து எழுதும் அறிக்கையில் இப்படி ஒரு வரி வருமென்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சாவு பற்றிய மதிப்பீடு பின்னால் இரட்டித்தது. அந்த விகிதத்தை அதற்கேற்பத் திருத்தினாலும், எட்டு மாதத்தில் அரிசியைப் பூட்டிவைத்துச் சேர்த்த பணம் அப்படியேதான் இருக்கிறது.

பணம் எங்கே போனது என்பதற்கு ஒரு தடயம் நிலம் கைமாறியதில் கிடைத்தது. மகலனோபிஸ் தலைமையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பஞ்சத்துக்குப் பிறகு கிராமங்களில் கணக்கெடுத்தது. நெல் விளையும் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் ஏறக்குறைய 2,60,000 குடும்பங்கள் தங்களிடம் இருந்த நிலம் முழுவதையும் இழந்திருந்தன. இன்னும் பல லட்சம் குடும்பங்கள் ஒரு பகுதியை விற்றோ அடமானம் வைத்தோ இருந்தன. வாங்கியவர்களில் இருப்பு வைத்திருந்த ஜோத்தார்கள் இருந்தார்கள், வியாபாரிகள் இருந்தார்கள், வட்டிக்காரர்கள் இருந்தார்கள். 37 ரூபாய் விலையில் மணங்குக்கணக்காக அரிசி விற்றவன், அதே பணத்தைக் கொண்டுவந்து, அந்த அரிசியை வாங்க முடியாமல் தவித்தவனின் வயலை வாங்கினான். 1944-இல் வங்காள அரசு ஒரு சட்டம் போட்டது. பஞ்ச காலத்தில் விற்ற நிலத்தை உழவர்கள் திரும்பக் கேட்கலாம். ஆனால் விற்று வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை அவர்கள் அரிசியாகத் தின்று தீர்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த இதழில்: 1946-இல் வந்த அத்தியாவசிய வழங்கல்கள் (தற்காலிக அதிகாரங்கள்) சட்டம், சுதந்திரத்துக்குப் பிறகும் நீண்ட ரேஷன் வரிசைகள், 1952-இல் சென்னை மாநில முதல்வராக வந்த ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை ஒரே வீச்சில் எடுத்தபோது நடந்தவை.

(தொடரும்)